உன் இடப்பக்கத்தில் நிற்பவர்

நிமலன் அறிவதற்கு,

நலம் விசாரிக்கும் வரிகளை விட்டுவிடுகிறேன். உன்மீது எனக்குள்ள முறைப்பாடுகளைத் திகதிவாரியாக முதலில் வைக்கிறேன்.

1. 1985 செப்டெம்பர் 21, சனிக்கிழமை, ரண்டர்ஸ். நிறைந்த விளையாட்டு மண்டபத்தில், ஒலிபெருக்கியில், என் பெயரைச் சொல்லி உன்னைச் சண்டைக்கு அழைத்தார்கள். அது உன் தகப்பனின் பெயர் என்று நீ எவருக்கும் சொல்லவில்லை. கையை உயர்த்தி அதை ஏற்றுக்கொண்டாய்.

2. 1985 டிசெம்பர் 24, ஓகூஸ், எங்கள் வீடு. கோப்பைக்கு வெளியே, இடது புறமாக, மேசைவிரிப்பின்மேல் தேநீரை ஊற்றினாய். கண்ணுக்கு என்ன என்று கேட்டேன். "ஒண்டுமில்லை அப்பா" என்றாய். அது பொய்.

3. அதே நாள், அதே மேசை. உன் அம்மா உன் இடப்பக்கத்துக் கதிரையில் உட்கார வந்தபோது, "அங்கே ஆள் இருக்கிறது" என்று டேனிஷில் சொன்னாய். அங்கே ஒருவரும் இருக்கவில்லை.

4. 1986 மார்ச் 11. தொழில்முறைக் குத்துச்சண்டை உரிமத்துக்கான பரிசோதனையில், சுவரிலிருந்த எழுத்துப் பலகையை மனப்பாடமாக ஒப்புவித்து ஒரு வைத்தியரை ஏமாற்றினாய்.

5. 1986 மார்ச் 30, ஈஸ்டர் ஞாயிறு. தொலைபேசியில் உன் அம்மாவிடம் ஒரு வார்த்தை சொன்னாய். அதைக் கேட்ட நேரம் முதல் அவள் என்னை நேராகப் பார்ப்பதில்லை.

6. அதன் பின் நான் உனக்கு எழுதிய கடிதங்கள் பிரிக்கப்படாமலே திரும்பி வந்தன.

ஆறாவது முறைப்பாடே இதை நான் இந்தச் சஞ்சிகையில் எழுதுவதற்குக் காரணம். ரண்டர்ஸில் அகதிகள் விடுதியிலுள்ள இளைஞர்கள் இதைத் தட்டச்சுச் செய்து, பிரதியெடுத்து, விபோர்க் வரை கொண்டுபோய்க் கொடுக்கிறார்கள். ஞாயிற்றுக்கிழமைகளில் நீ அவர்களோடு சோறு சாப்பிடுகிறாய் என்று அறிகிறேன். உனக்குத் தமிழ் எழுத்துக்கூட்டி வாசிக்க நேரமெடுக்கும் என்பதால், அவர்களில் ஒருவன் உனக்குச் சத்தமாக வாசித்துக் காட்டுவான். உன் இரகசியத்தை ஊருக்கு அவிழ்த்துவிட்டேன் என்று என்னோடு கோபிக்க வேண்டாம். டென்மார்க்கில் தமிழ் வாசிக்கத் தெரிந்தவர் எவரும் குத்துச்சண்டை வைத்தியராக இல்லை. இந்த மொழியில் இருக்கும்வரை உன் இரகசியம் பூட்டிய அறையில் இருப்பது போலத்தான். எதுவரை என்பதைக் கடைசியில் சொல்கிறேன்.

மே மாதம் 10ஆம் திகதி கோபன்ஹேகனில் உன் முதல் தொழில்முறைச் சண்டை. உன் இடது கண் பார்வை இழந்துகொண்டிருக்கிறது, அல்லது இழந்துவிட்டது. அந்தக் கண்ணோடு நீ மேடையில் ஏறக்கூடாது. என் கோரிக்கை இவ்வளவுதான். மீதியெல்லாம் அதற்கான காரணம்.

பெயரிலிருந்து தொடங்குகிறேன். 1974இல் நாங்கள் இந்த நாட்டில் வந்து இறங்கியபோது உனக்குப் பதினொரு வயது. பல்கலைக்கழக நூலகத்தில் எனக்கு வேலை கிடைத்திருந்தது. பதிவு அலுவலகத்தில் ஒரு பெண், குடும்பப் பெயர் என்ன என்று கேட்டாள். அப்படி ஒன்று எங்களிடம் இல்லை, தகப்பனின் பெயர் முன்னால் வரும், அவரவர் பெயர் பின்னால் வரும், தகப்பனின் பெயரைச் சொல்லி மகனை எவரும் கூப்பிடுவதில்லை என்று நான் விளக்கினேன். அவள் மிகுந்த மரியாதையோடு கேட்டுக்கொண்டாள். பின்னர் எங்கள் மூவரையும் ஒரே பெயரின் கீழ் எழுதினாள். அது என் பெயர். வாழ்நாளில் ஒரு தடவையேனும் என் பெயரை வாயால் உச்சரித்திராத உன் அம்மா அன்று முதல் அந்தப் பெயருக்குச் சொந்தக்காரியானாள். பல் வைத்தியரிடம் போனால் என் பெயரால் அவளை அழைப்பார்கள். அவள் எழுந்து நிற்பாள். எழுத்துக்கூட்டிச் சொல்லச் சொன்னால் சுகாதார அட்டையை எடுத்து நீட்டுவாள். நாங்கள் வருடக்கணக்காக இதைச் சொல்லிச் சிரித்தோம். உனக்கும் இது தெரியும். சிரித்தவர்களில் நீயும் ஒருவன்.

ரண்டர்ஸ் மண்டபத்தில் நான் சிரிக்கவில்லை. விடுதி இளைஞர்கள் எங்களுக்குப் பின்வரிசையில் இருந்தார்கள். தமிழ்ப் பெடியன் ஒருவன் டேனிஷ்காரனோடு குத்துச்சண்டை பிடிக்கிறானாம் என்று ஆவலோடு வந்திருந்தார்கள். விளக்குகளை அணைத்து மேடைக்கு மட்டும் வெளிச்சம் விட்டார்கள். அறிவிப்பாளன் எடைப்பிரிவைச் சொன்னான், ஊரைச் சொன்னான், பிறகு என் பெயரை மூன்று துண்டாக முறித்து, கடைசித் துண்டை நீட்டி, இருட்டுக்குள் எறிந்தான். நான் எழுந்து நின்றேன். "ஓம்" என்றேன். இதை நான் நினைத்துச் செய்யவில்லை. வகுப்பறையில் பெயர் கூப்பிடப்பட்ட பிள்ளை போல என் உடம்பு தானாக எழுந்தது.

உன் அம்மா என் கோட்டைப் பிடித்து இழுத்தாள். "இருங்கோ. உங்களை ஆர் கூப்பிட்டது?"

பின்னாலிருந்து ஒரு குரல்: "ஐயா, கோட்டைக் கழட்டித் தந்திட்டு ஏறுங்கோ. தண்ணிப் போத்தல் நாங்கள் பிடிக்கிறம்."

"பாவமடா அந்த டேனிஷ்காரன்," என்றான் மற்றவன். "தேப்பன்ர அடியும் மோன்ர அடியும் ஒண்டாய் வாங்கப்போறான்."

வரிசை முழுவதும் சிரித்தது. நானும் புன்னகைக்க முயன்றுகொண்டு உட்கார்ந்தேன். சண்டை தொடங்கியதும் மண்டபம் என் பெயரைச் சொல்லிக் கூவியது. இளைஞர்களும் சேர்ந்து கூவினார்கள். உன் அம்மா இரண்டு காதையும் பொத்திக்கொண்டாள். இரண்டாவது சுற்றில் உன் இடது கண்ணில் அடி விழுந்தது, நீ சரிந்தாய், நடுவர் குனிந்து எண்ணத் தொடங்கினார். அந்த நேரம் நானும் எழுந்து நிற்க முயன்றேன். நீ எழுந்தபோதுதான் என்னாலும் எழ முடிந்தது. நீ வென்றாய் என்று பிறகு சொன்னார்கள். திரும்பி வரும் ரயிலில் உன் அம்மா ஜன்னலைப் பார்த்தபடி கேட்டாள்.

"கூப்பிட்ட உடன ஓம் எண்டு சொல்லுறதே? கூப்பிட்டது ஆர் எண்டு பாத்திட்டெல்லோ வாய் திறக்கவேணும்."

"அது ஒலிபெருக்கியப்பா," என்றேன்.

"அதுக்கும் வாய் இருக்குத்தானே."

நான் வரலாறு படித்தவன். ஆதாரமில்லாத எதையும் எழுதக்கூடாது என்று பிறருக்குக் கற்பித்தவன். அன்று அவளுடைய பேச்சைப் பொருட்படுத்தவில்லை. இன்று பொருட்படுத்துவதற்கு ஆதாரம் இருக்கிறது. அந்த ஆதாரம் அர்மான் கொர்வெல்.

சிறு வயதில் அந்தப் பெயரைச் சொல்லாமல் உன்னைத் தூங்கவைக்க முடியாது. நான் லீல் நகரத்தில் மாணவனாக இருந்தபோது, பக்கத்து ஊரான ரூபேயில், அவருடைய வீட்டின் மாடி அறையில் தங்கியிருந்தேன். நெசவாலைப் புகை படிந்த செங்கல் வீடு. கொர்வெலுக்கு அப்போது ஏறக்குறைய என்னுடைய இன்றைய வயது. குள்ளமான, சிறுத்த மனிதர். பார்வை முற்றாக இல்லை. அவருடைய மனைவி ஆலைக்குப் போன பின் சமையலறை மேசையில் உட்கார்ந்து உருளைக்கிழங்கு தோல் சீவுவார். நான் எதிரில் உட்கார்ந்து பத்திரிகையின் விளையாட்டுப் பக்கத்தை வாசித்துக் காட்டுவேன். வாசிப்பு முடிந்ததும் அவர் தன் கதையைச் சொல்வார். அவருடைய வெற்றிகளை உனக்குச் சொன்னேன். மீதியைச் சொல்லவில்லை. ஐந்து வயதுப் பிள்ளைக்கு எந்தத் தகப்பன் அதைச் சொல்வான்? அந்த மௌனத்தை என் குற்றமாக நீ எழுதிக்கொள்ள முடியாது. இப்போது உனக்கு இருபத்துமூன்று வயது. மீதியைக் கேள்.

அர்மான் என்பது அவருடைய பெயரே அல்ல. அர்மான் அவருடைய அண்ணன். முதல் உலகப் போர் முடிந்த கையோடு, பத்தொன்பது வயதில், காய்ச்சலில் இறந்தவன். இறக்கும்போது அவனிடம் குத்துச்சண்டை உரிமம் இருந்தது, ஒப்புக்கொண்ட சண்டைகள் சிலவும் இருந்தன. தம்பிக்குப் பதினைந்து வயது. உரிமம் பெற வயது போதாது. தாய் அண்ணனின் பத்திரங்களை எடுத்துத் தம்பியின் கையில் கொடுத்தாள். அந்த ஊரில் அதை எவரும் தவறாக எண்ணவில்லை. இருவருக்கும் ஒரே முகச்சாயல். அன்று முதல் அவர் அர்மான். சந்தைக் கூடாரங்களில் தொடங்கினார். கூடாரத்தின் முன் மேளம் அடித்து, இந்தச் சிறுவனை வீழ்த்துபவர் யார் என்று கூவுவார்கள். சுரங்கத் தொழிலாளர்கள் சட்டையைக் கழற்றிவிட்டு ஏறுவார்கள். ஐம்பது கிலோ எடையுள்ள அந்தப் பையன் அவர்களுடைய கைகளுக்குக் கீழே புகுந்து விலாவில் குத்துவான். நீ கைகொட்டிச் சிரித்த கதை இது. மேளக்காரன் ஒவ்வொரு தடவையும் கூவியது செத்துப்போன ஒருவனின் பெயரை என்பதை உனக்கு நான் சொன்னதில்லை.

அவர் பாரிசுக்குப் போனார். ஈ எடை என்று சொல்லப்படும் மிக இலகுவான பிரிவில் இரண்டு வருடங்களில் எல்லாரையும் வென்றார். உடம்பு சற்றுப் பெருத்ததும் அடுத்த பிரிவுக்கு ஏறினார். பிரஸ்ஸல்ஸ், அன்ட்வேர்ப், இலண்டன். இலண்டனில் தோற்றுப் பெயர் பெற்றார். அப்படியும் நடக்கும் என்பார், அழகாகத் தோற்றால். பிரான்சின் பட்டத்தை வென்று ஒரு வருடத்துக்கும் குறைவாக வைத்திருந்தார். அவருடைய முறை கையைவிடக் காலில் இருந்தது. எதிராளியின் வலப்பக்கமாகச் சுற்றிச் சுற்றி வந்து, அவன் திரும்பும் அந்தக் கணத்தில் உள்ளே போய் வெளியே வந்துவிடுவார். பத்திரிகைகள் அவரைத் தையற்காரன் என்று அழைத்தன, ஊசி போவதும் வருவதும் போல இருக்குமாம். அதன் பின்னர் கோபன்ஹேகனில் ஒரு டேனிஷ்காரனோடு சண்டை. ஆமாம், நீ மே மாதம் போக இருக்கும் அதே நகரம். அங்கே இடது கண்ணில் விழுந்த அடியால் அந்தப் பக்கம் முதலில் மங்கியது, பிறகு திரை விழுந்தது போல மூடிக்கொண்டது.

அவர் அதை எவருக்கும் சொல்லவில்லை. மனைவிக்குக்கூட. பரிசோதனை அறைக்குள் உதவியாளனை முன்னரே அனுப்பி, சுவரிலுள்ள எழுத்துகளை எழுதிவரச் செய்து மனப்பாடம் செய்வார். மறு சண்டைக்காகத் திரும்பவும் கோபன்ஹேகன் வந்தபோது, பலகையில் டேனிஷ் எழுத்து ஒன்று இருந்தது, வட்டத்தின் குறுக்கே கோடு போட்டது. உதவியாளன் அந்தக் கோட்டை அழுக்கு என்று நினைத்து வெறும் வட்டமாக எழுதிக் கொடுத்தான். வலது கண் மூடப்பட்டதும் கொர்வெல் அதை வட்டம் என்றே வாசித்தார். பிரெஞ்சுக்காரனுக்கு அந்த எழுத்துத் தெரியாதுதானே என்று வைத்தியர் தோளில் தட்டி அனுமதி கொடுத்தார். கொர்வெல் இதைச் சொல்லிவிட்டு நீண்ட நேரம் சிரித்தார். நானும் சிரித்தேன். உன்னுடைய பரிசோதனைக்கு உன் அம்மாவைத் துணைக்கு அழைத்துப்போனாய். வீட்டுக்கு வந்து அவள் பெருமையோடு சொன்னாள்: "கடைசி வரி எறும்பு மாதிரி. அதைக்கூடத் தேவாரம் படிக்கிறமாதிரி நிப்பாட்டாமல் சொன்னவன்." எறும்பு அளவு எழுத்தைப் பார்த்து வாசிப்பவன் கண்ணைச் சுருக்குவான், ஓரிடத்திலாவது தடுமாறுவான். நிறுத்தாமல் சொல்பவன் அதைப் பார்க்கவில்லை. இந்தத் தந்திரத்தை உனக்கு நான் ஒருபோதும் சொன்னதில்லை.

ஒரு கண்ணோடு அவர் முன்னரைவிட நன்றாகச் சண்டையிட்டார். இதைத்தான் நீ கவனமாகக் கேட்க வேண்டும், ஏனென்றால் உன் பயிற்சியாளர் சமீப காலத்தில் உன் இடப்பக்கத் தற்காப்பு அதிசயமாக மேம்பட்டிருக்கிறது என்று உள்ளூர்ப் பத்திரிகைக்குச் சொல்லியிருக்கிறார். இருண்ட பக்கத்திலிருந்து வரும் அடி கொர்வெலுக்கு முன்கூட்டியே தெரிந்தது. எப்படி என்று கேட்டேன். கத்தியை மேசையில் வைத்துவிட்டு என் பக்கம் முகத்தைத் திருப்பினார்.

"அங்கே ஒருவர் நின்றார்," என்றார். "முதலில் நடுவர் என்று நினைத்தேன். நடுவர் எனக்கு முன்னால் நின்றுகொண்டிருந்தார். பிறகு விரல் முட்டிகளை ஒவ்வொன்றாக நெட்டி முறிக்கும் சத்தம் கேட்டது. எங்கள் வீட்டில் அப்படி முறிப்பவன் ஒருவன்தான்."

"உங்கள் அண்ணன் இறந்துவிட்டார், முசியே."

"தெரியும். ஆனால் ஒவ்வொரு ஊரிலும், ஒவ்வொரு வாரமும், மண்டபம் நிறைந்த சனம் அவனைத்தானே பெயர் சொல்லி அழைத்தது. எத்தனை தடவைதான் ஒருவன் வராமல் இருப்பான்?"

ஆரம்பத்தில் அண்ணன் உதவினான். குனி என்றால் குனிவார், அடி தலைக்கு மேலால் போகும். அப்படியே வரிசையாகப் பல சண்டைகளை வென்றார். மெல்ல மெல்ல அண்ணன் அருகில் வந்தான். தோளோடு தோள் உரச நின்றான். வீட்டுக்கும் வந்தான். சாப்பாட்டு மேசையில் இடப்பக்கத்தில் உட்கார்ந்தான். கடைசிச் சண்டை கடல் கடந்து ஓரான் நகரத்தில் நடந்தது, இரண்டாம் உலகப் போர் தொடங்குவதற்குச் சற்று முன்னர். எதிராளி இன்னும் பெயர் பெறாத ஓர் இளைஞன். இலகுவான சண்டை என்றுதான் ஒப்புக்கொண்டார். நான்காவது சுற்றில் அண்ணன் அவருடைய இடக்கையைப் பிடித்துக் கீழே இறக்கி, இனி என்னுடைய முறை என்றான். கொர்வெல் அவனைப் பார்க்கத் திரும்பினார். நல்ல கண்ணை எதிராளியிடமிருந்து விலக்கித் திரும்பினார். அவ்வளவுதான். கீழே கிடந்தபோது உடம்பில் வலி எதுவும் இல்லையாம். எழும்பியிருக்க முடியும் என்றார். நடுவர் எண்ணுவது தெளிவாகக் கேட்டதாம். ஏன் எழவில்லை என்று கேட்டேன்.

"எண்ணப்பட்டது அவன்," என்றார். "நான் ஏன் எழவேண்டும்?"

அதன் பிறகு வலது கண்ணும் போயிற்று. அந்த வீட்டில் நான் தங்கிய முதல் வாரத்தில், தெரியாமல் அவருடைய இடப்பக்கத்துக் கதிரையை இழுத்து உட்காரப் போனேன். அவர் மிக மரியாதையாக என் கையைத் தொட்டு, "மன்னியுங்கள், அங்கே ஆள் இருக்கிறது" என்றார். இந்த வார்த்தையையும் நான் உனக்குச் சொன்னதில்லை. உன் அம்மாவுக்கும் சொன்னதில்லை. முப்பது வருடங்களாக எவருக்கும் சொன்னதில்லை. கடந்த நத்தார் இரவுச் சாப்பாட்டில், நீ அதே வார்த்தையை, அதே பணிவோடு, வேறொரு மொழியில் உன் அம்மாவிடம் சொன்னாய். பிறகு திடுக்கிட்டவன் போல எங்களைப் பார்த்துச் சிரித்தாய். அவள் உன் வலப்பக்கமாகச் சுற்றி வந்து உட்கார்ந்தாள். நான் கரண்டியைக் கீழே வைத்துவிட்டேன். அதற்குப் பின் அன்று சாப்பிட்ட எதுவும் எனக்கு நினைவில்லை.

படித்த மனிதனுக்கு இதற்கெல்லாம் விளக்கம் உண்டு. நானே நூலகத்தில் தேடி வாசித்தேன். பார்வை போன பக்கத்தை மூளை வெறுமையாக விட்டுவைப்பதில்லை, தனக்குத் தெரிந்த உருவங்களால் அதை நிரப்புகிறது என்று கண் வைத்தியர்கள் எழுதியிருக்கிறார்கள். கொர்வெலின் மூளை அண்ணனால் நிரப்பியது. நல்லது. அப்படியானால் பெப்ரவரி 15ஆம் திகதி விபோர்க்கில் நீ சண்டையிட்ட சனிக்கிழமைப் பிற்பகலை எனக்கு விளக்கு. நான் அங்கே வரவில்லை. வரமாட்டேன் என்று சொல்லியிருந்தேன். ஓகூஸில் நூலகத்தின் தகவல் மேசையில், காலையிலிருந்து மாலை வரை, கதிரையை விட்டு அசையாமல் இருந்தேன். திங்கட்கிழமை என் சக ஊழியை, இங்கிரிட் என்பவள், பல வருடங்களாக என்னோடு வேலை செய்பவள், கொஞ்சம் கோபமாக என்னிடம் வந்தாள். சனிக்கிழமை இரண்டு தடவை என் மேசைக்கு வந்தாளாம். வாசகர் ஒருவர் காத்துக்கொண்டிருந்தாராம். கதிரை காலியாக இருந்ததாம். எங்கே போயிருந்தாய் என்று கேட்டாள். எந்த நேரம் என்று கேட்டேன். அவள் சொன்ன நேரம், விபோர்க்கில் உன்னை மேடைக்கு அழைத்த நேரம். நான் அங்கேயேதான் இருந்தேன் என்று அவளிடம் சொல்ல வாயெடுத்தேன். சொல்லவில்லை. அதை என்னால் உறுதியாகச் சொல்ல முடியுமா என்று அந்தக் கணத்தில் எனக்கே தெரியவில்லை. அந்தச் சனிக்கிழமை மாலை வீட்டுக்கு வந்து கோட்டைக் கழற்றியபோது இடது தோள் ஈரமாக இருந்தது. ஓகூஸில் அன்று மழையும் இல்லை, பனியும் இல்லை.

இப்போது ஐந்தாவது முறைப்பாடு. ஈஸ்டர் ஞாயிறு நீ தொலைபேசியில் கூப்பிட்டாய். உன் அம்மா பேசினாள். நான் அடுத்த அறையில் பத்திரிகை பார்த்துக்கொண்டிருந்தேன். அவளுடைய பக்கம் மட்டுமே எனக்குக் கேட்டது.

"சாப்பிட்டியே... அங்க குளிரே... ஏன் மோனை, அப்பாவோட ஒரு சொல்லுக் கதையன்." பிறகு, தணிந்த குரலில்: "இல்லையே, அவர் இஞ்சதான் இருக்கிறார்."

தொலைபேசியை வைத்துவிட்டு வந்து என் அறை வாசலில் நின்றாள். உள்ளே வரவில்லை.

"என்னவாம்?" என்றேன்.

"உங்களோட கதைக்கத் தேவையில்லையாம். நீங்கள் அங்கதான் நிக்கிறியளாம். இடப்பக்கத்தில. மாதக்கணக்காய் நிக்கிறியளாம். குனி எண்டு சொல்லுறது உங்கட குரலாம்."

"பகிடி விட்டிருப்பான்."

"அவன் பகிடி விட்டால் எனக்குத் தெரியும்," என்றாள். பிறகு என் கைகளைப் பார்த்தாள். என் பேச்சுக்குக் காத்திராமல் குசினிக்குப் போய்விட்டாள். அப்போதுதான் நான் கவனித்தேன், வலக்கையால் இடக்கை விரல்களின் முட்டிகளை ஒவ்வொன்றாக நெட்டி முறித்துக்கொண்டிருந்தேன். எனக்கு அந்தப் பழக்கம் இருந்ததில்லை.

மகனே, நான் உன்னிடம் மிகத் தெளிவாகச் சொல்கிறேன். அங்கே நிற்பது நானல்ல. நான் உன்னைக் குனியச் சொல்லவில்லை. நான் சொல்வதாக இருந்தால் மேடையை விட்டு இறங்கு என்று மட்டுமே சொல்வேன். உன் தகப்பன் உனக்கு எத்தனையோ தடவை எத்தனையோ விடயங்களில் கட்டளையிட்டிருக்கிறான், ஒரு தடவையாவது நீ சண்டையில் வெல்வதற்கு உதவியிருக்கிறானா? உன்னை நான் வளர்த்த விதத்தை நினைத்துப் பார். மரத்தில் ஏறினால் இறங்கு என்றேன். ஆழத்துக்கு நீந்தினால் திரும்பு என்றேன். நீ வெறுத்த அந்தக் குரல்தான் என் குரல். உன் காதோரம் நின்று இனிமையாகவும் பயனுள்ளதாகவும் பேசுகிற குரல், என் பெயரைச் சொல்லி அழைத்ததும் வந்து நிற்கிற வேறொன்று. அது எதுவென்று எனக்குத் தெரியாது. மூளை நிரப்பிய உருவமாகவே இருக்கட்டும். அது இப்போது உதவுகிறது. தோளோடு தோள் உரசத் தொடங்கிவிட்டதா என்பதை நீ மட்டுமே அறிவாய். கோபன்ஹேகனில் அதை மறுபடியும், முன்னெப்போதையும்விடப் பெரிய மண்டபத்தில், முன்னெப்போதையும்விட உரத்து அழைக்கப் போகிறார்கள். நீ அதைப் பார்க்கத் திரும்புவாய். எல்லாரும் திரும்புவார்கள். நல்ல கண் விலகும் அந்தக் கணத்தில் எதிரில் நிற்பவனுக்குத் தேவையானதெல்லாம் கிடைத்துவிடும். நீ கீழே கிடந்து எண்ணிக்கையைக் கேட்பாய். எண்ணப்படுவது அப்பா என்று நினைப்பாய்.

வென்றுகொண்டிருக்கிறேன், இப்போது ஏன் நிறுத்தவேண்டும் என்று நீ கேட்பாய். கொர்வெலும் வென்றுகொண்டுதான் இருந்தார். உன்னை நம்பி விடுதி இளைஞர்கள் கோபன்ஹேகனுக்குப் பேருந்து பேசியிருக்கிறார்கள் என்று கேள்விப்பட்டேன். அவர்களுக்கு ஏமாற்றமாக இருக்கும். தாங்கிக்கொள்வார்கள், இதைவிடப் பெரிய இழப்புகளைத் தாங்கியவர்கள் அவர்கள். என் மீது உனக்குள்ள வெறுப்பு இன்னும் கூடும். அதையும் நான் கணக்கில் எடுத்துவிட்டேன். இரண்டு கண்ணும் உள்ள ஒருவன் என்னை வெறுத்துக்கொண்டு நெடுங்காலம் வாழட்டும்.

உன்னிடம் எழுத்தில் பதில் எதிர்பார்க்கிறேன். ஏப்ரல் 30, புதன்கிழமை, காலைத் தபாலில் அது என் கையில் இருக்கவேண்டும். தமிழில் எழுதினாலும் சரி, டேனிஷில் எழுதினாலும் சரி. மே 10ஆம் திகதிச் சண்டையிலிருந்து விலகிவிட்டாயா இல்லையா என்ற ஒரு கேள்விக்கு மட்டும் பதில் சொன்னால் போதும். கோடு போடாத வெள்ளைத் தாளை எடுத்து, வலது கண்ணைத் துணியால் இறுக்கிக் கட்டிக்கொண்டு, அதை எழுது. மனப்பாடம் செய்ய அதில் எதுவும் இல்லை. வரிகள் சரிந்தும் ஒன்றன்மேல் ஒன்று ஏறியும் தாளைத் தாண்டியும் போயிருந்தால், நீ உண்மை எழுதியிருக்கிறாய் என்று தெரிந்துகொண்டு, கிடைக்கும் முதல் ரயிலில் ரண்டர்ஸ் வந்து உன்னைக் கண் வைத்தியரிடம் அழைத்துப்போவேன். வழியில் ஒரு வார்த்தையும் கண்டித்துப் பேசமாட்டேன். பதில் வராவிட்டால், வியாழக்கிழமை காலை உட்கார்ந்து இந்தக் கடிதம் முழுவதையும் டேனிஷில் மொழிபெயர்த்து, உனக்கு உரிமம் கொடுத்த வைத்தியரின் மேசையில் நானே கொண்டுபோய் வைப்பேன். வரிகள் நேராக இருந்தாலும் அதையேதான் செய்வேன். உன்னிடமிருந்து வரும் நேரான எழுத்தை இனி நான் நம்பப் போவதில்லை.